உள்ளே போன வண்டி வெளியே வரவில்லை

அத்தியாயம் 4

"வாசலைவிட உயரமான வண்டிய, அதே வாசல் வழியா வெளியே கொண்டுவந்து நிறுத்தறேன். ரம்பம் கிடையாது, சுத்தியல் கிடையாது. வாசல்லயும் கீறல் விழாது, வண்டியிலயும் விழாது. நாளைக்கு இருட்டறதுக்குள்ள!"

ஓரின் டால்மன் இப்படி முழங்கியபோது ரிக்பி ஊரின் சாப்பாட்டுக் கடையில் அத்தனை முள்கரண்டிகளும் அந்தரத்தில் நின்றன. உருளைக்கிழங்கு லாரிக்காரர் ஒருவருக்குப் புரையேறியது. சமையற்கட்டில் ஒரு முட்டை அதிர்ச்சியில் தானாகவே கருகிப்போனது.

"பிரதர் டால்மன், இன்னொரு துண்டு பெர்ரி கேக் வேணும்னா நேராக் கேளுங்க. இவ்வளவு சத்தம் எதுக்கு?" என்றாள் பரிமாறுகிற பெண்.

அடுத்த மேஜையிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு. வெல்டா ராஸ்பண்ட். அந்தக் குடியிருப்பின் வீட்டுக்காரர் சங்கத்துக்குத் தலைவி. யார் வீட்டுப் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார். இருந்தாலும் கைப்பையில் அளவு டேப் இல்லாமல் தேவாலயத்துக்குக்கூடப் போகமாட்டார்.

"உயரமான வண்டி குள்ளமான வாசல்ல நுழையாது, பிரதர். நுழையாத வண்டி வெளியவும் வராது. இது துப்பறியற வேலை இல்ல, ஒண்ணாம் கிளாஸ் கணக்கு. டிவீர் ஸ்டாடர்ட் சங்கத்தக் கேக்காம வாசல இடிச்சு, வண்டிய உள்ள விட்டு, திரும்பக் கட்டியிருக்கார். அவ்வளவுதான்."

"சிஸ்டர், நாளைக்கு நீங்களே வந்து பாருங்க."

"வராம இருப்பேனா?" என்றார் வெல்டா, டேப்பைத் தட்டிக்கொண்டே.

ஓரின் கம்பீரமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலியும் இடுப்போடு கூடவே எழுந்தது. அதைப் பிடுங்கிக் கீழே வைத்தவள் அவருடைய அசிஸ்டெண்ட் மிரென் உர்கிதி.

ஓரினைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தபால் பட்டுவாடா செய்தவர். ஊரில் எந்த நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி, ஏனென்றால் காலைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டார். ஓய்வு பெற்றதும் துப்பறிவாளர் என்று அட்டை அடித்துக்கொண்டார். காணாமற்போன புல்வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பல மாதம் அலைந்து கண்டுபிடித்தது அவர் புகழின் சிகரம். அது அவர் வீட்டுக் கொட்டகையிலேயே இருந்தது என்பதை அவர் பெரிதுபடுத்துவதில்லை. மிரென் பாஸ்க் இனத்துப் பெண், ஸ்பெயின் மலைகளிலிருந்து ஆடு மேய்க்க வந்த குடும்பம், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் முழுக்க ஒருவரையொருவர் பிரதர், சிஸ்டர் என்றழைக்கிற, காபியைத் தொடாத மார்மன் கிறிஸ்தவச் சபையாருக்கு நடுவில், பிளாஸ்க்கில் கறுப்புக் காபியோடு திரிகிற ஒரே கத்தோலிக்க ஜீவன்.

"ஏம்ப்பா ஓரின்," என்றாள் காரில் ஏறியதும், "நாளைக்குச் சாயங்காலம் இந்த வாய எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கப் போற?"

"எனக்கு ஒரு யோசனை இருக்கு, மிரென்."

"போன தடவ உனக்கு யோசனை வந்தப்ப போஸ்ட்மாஸ்டரோட பூனைமேல திருட்டுக் குத்தம் சாட்டின."

"அந்தப் பூனை முழிச்ச முழி சரியில்ல."

வழக்கு இதுதான். டிவீர் ஸ்டாடர்டிடம் ஒரு பிக்கப் ட்ரக் இருக்கிறது. அதன் முதுகில் உட்கார்ந்திருப்பது கேம்பர்: அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய குட்டி வீடு. சாலையில் ஓடும்போது கூரையை மடக்கி வைக்கலாம், காட்டில் நிறுத்தி உயர்த்திக்கொள்ளலாம். மடக்கினாலும் ட்ரக்கோடு சேர்த்து அது கராஜ் வாசலைவிட இரண்டு விரல் உயரம். அதனால் வாங்கிய நாளிலிருந்து வீட்டு முன்னால் வெயிலில்தான் நின்றது. இடுப்பு எலும்பு மாற்றிக்கொள்ள டிவீர் சால்ட் லேக் போனார். மகள் வீட்டில் படுத்துத் தேறித் திரும்பினார். கராஜ் கதவைத் திறந்தால், உள்ளே சமர்த்தாக ட்ரக், அதன் மேல் கேம்பர். பின்னால் எடுத்தால் கூரை வாசலின் மேல்சட்டத்தில் முட்டுகிறது.

சாதாரணமாக இதற்குச் சுலபமான வழி உண்டு. கேம்பரின் நான்கு மூலையிலும் ஜாக்கிக் கால்களை மாட்டித் தூக்கி நிறுத்திவிட்டு, ட்ரக்கை மட்டும் அடியிலிருந்து உருவிவிடலாம். அந்தக் கால்கள் பல்சக்கரம் தேய்ந்து ஸ்போகேன் ஊருக்குப் பழுதுபார்க்கப் போயிருந்தன. கேம்பருக்கும் டிவீருக்கும் ஒரே பருவத்தில் கால் வைத்தியம்.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. மூஸ். மான் குலத்தின் யானை அது. ரிக்பி இருக்கிற ஐடஹோ மாநிலத்தில் அதை வேட்டையாட வேண்டுமானால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். டிவீர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து விண்ணப்பித்தார். தலையில் முடியே இல்லாத இந்த வருஷம்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டும், மலைப்பாதை மூடிவிடும் என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். புது இடுப்போடு கூடாரத்தில், தரையில் படுக்க முடியாது. கேம்பர் சனிக்கிழமை விடிவதற்குள் வெளியே வந்தால் மூஸ். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் டிவீருக்கு மூஸ் இல்லை.

*

கராஜில் டிவீர் கைத்தடியோடு நின்றிருந்தார். கோயில் யானை மாதிரி இருந்த மனிதர், இப்போது அதைப் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஓரின், டயர்ல காத்தக் கூட இறக்கிப் பாத்துட்டேன். ஒரு விரல் இறங்கிச்சு. இன்னும் ஒரு விரல் இடிக்குது. அந்த மேல்சட்டத்த வெட்டினா மாடி ரூம் என் மடியில வந்து உக்காரும்."

"கவலைப்படாத. குற்றவாளி தப்ப முடியாது."

"குற்றவாளி எனக்கு வேண்டாம்ப்பா. வண்டி வெளிய வந்தாப் போதும்."

டிவீரின் மனைவி நெட்ரா தட்டில் ரொட்டியோடு வந்தாள். குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. கோதுமை ரொட்டி, கோதுமை பிஸ்கட், கோதுமையை வேகவைத்துப் பண்ணின சாலட்.

"சாப்பிடுங்க, பிரதர் டால்மன். இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும். நம்ம பழைய நெஃபைட் பெரியவங்க மூணு பேர் இருக்காங்களே, யாருக்காவது கஷ்டம்னா வந்து உதவிட்டு மறைஞ்சிடுவாங்கன்னு எங்க பாட்டி காலத்துலருந்து சொல்வாங்க. அவங்கதான் வந்து உள்ள வெச்சிருப்பாங்க."

"உதவி பண்ண வந்தவங்க வெளிய எடுக்கற வழியையும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்றாள் மிரென். "சிஸ்டர் நெட்ரா, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"என்னிக்கு?"

"என்னிக்கோ அன்னிக்கு."

"மெத்தை விரிப்புத் தைக்கப் போயிருந்தேன்," என்றாள் நெட்ரா, எந்த நாள் என்று தெரியாமலேயே. சொல்லிவிட்டு ஓரினின் வாயில் இன்னொரு பிஸ்கட்டைத் திணித்தாள். சாட்சியின் பதற்றத்தைக் கவனிக்க வேண்டிய துப்பறிவாளர் பிஸ்கட்டில் வெண்ணெய் போதுமா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

ஓரின் பூதக்கண்ணாடியை எடுத்தார். அது பேத்தியின் விளையாட்டுச் சாமான். கைப்பிடியில் வாத்து இருக்கும். தரையைச் சோதிக்க மண்டியிட்டார். மண்டியிடுவதுவரை திட்டம் இருந்தது. எழுவதற்குத் திட்டம் இல்லை. மிரென் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, கிணற்றிலிருந்து கன்றுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கி நிறுத்தினாள்.

"தடயம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. என் முட்டி ரெண்டும் போச்சுங்கறதுக்கான தடயம்."

அவள் கேம்பரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாள். "ஓரின், ஆலங்கட்டி மழை பெஞ்சுதே, ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆச்சே. இதுல ஒரு பள்ளம் கூட இல்ல."

டிவீர் நிமிர்ந்தார். "ஆமா! நான் அப்ப சால்ட் லேக்ல இருந்தேன். வண்டி வெளியதான் நின்னுச்சு."

"அப்ப மழை வர்றதுக்குள்ள யாரோ உள்ள தள்ளியிருக்காங்க."

நெட்ரா தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். ஓரின் வாசலின் மேல்சட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூளை வேலை செய்யும்போது அவர் வாய் திறந்துகொள்ளும். அன்று ஒரு ஈ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வெளியே வந்தது.

"மிரென், அடி பட்ட தழும்பு சட்டத்துக்கு உள்பக்கம் இருக்கு. வெளிப்பக்கம் வழவழன்னு இருக்கு."

"சரி."

"உள்ள வர்றப்ப இடிக்கவே இல்ல. வெளிய போறப்பதான் இடிச்சிருக்கு. வர்றப்ப வண்டி குள்ளமா இருந்துச்சு. உள்ள வந்ததும் வளந்துடுச்சு!"

மிரென் அவரை ஒரு புது மரியாதையோடு பார்த்தாள். அந்த மரியாதை அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும்வரை நீடித்தது.

"ஆக, இது உயிருள்ள வண்டி."

"உக்காரு ஓரின். தலைக்கு ரத்தம் போகட்டும்."

சுவரோரம் பலகை போட்டு, மேலே விரிப்புப் போர்த்திய ஒரு பெஞ்சு இருந்தது. ஓரின் அதில் உட்கார்ந்தார். யோசிக்க மிகவும் தோதான பெஞ்சு.

"புதுசா, சிஸ்டர்?"

"பழசு. ரொம்பப் பழசு," என்றாள் நெட்ரா.

மிரென் கேம்பருக்குள் குனிந்து போனாள். கூரை மடங்கியிருந்ததால் உள்ளே நிமிர முடியாது. வெளியே வரும்போது கையில் மிதியடி. அதன் ஈர ஓரத்தில் இரண்டு மூன்று பச்சை முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஓரின் வாத்துக் கண்ணாடியால் பார்த்தார். "புல். குற்றவாளி புல்தரை உள்ள வீட்டுக்காரன்."

"ஊரே சந்தேகத்துக்குள்ள வந்துடுச்சு," என்றாள் மிரென். "சீக்கிரம் விசாரிச்சு முடி, நாளைக்குத்தான் கெடு."

டிவீர் ஓரினைத் தனியே ஒரு மூலைக்கு இழுத்தார். குரல் தாழ்ந்தது.

"ஓரின், உங்கிட்ட மட்டும் சொல்றேன். மூஸ் கிடக்கட்டும். நான் சுருங்கிக்கிட்டு வர்றேன்."

"என்னப்பா சொல்ற?"

"ஊர்லருந்து வந்த அன்னிக்கு ராத்திரி கட்டில்ல உக்காரப் போறேன், கட்டில் நெஞ்சு வரைக்கும் நிக்குது. நம்ம கட்டில்! கல்யாணத்துலருந்து படுக்கற கட்டில்! இப்ப ஸ்டூல் போட்டு ஏர்றேன். காலத் தொங்கப் போட்டா தரை எட்டல. டாக்டர் எலும்ப அதிகமா வெட்டிட்டான் போல. நெட்ராவும் அப்படித்தான் சொல்றா."

"ரெண்டு காலையுமா?"

"ஒரு காலத்தான் வெட்டினான். ரெண்டுமே எட்டல. அதான் பயமா இருக்கு."

ஓரின் நண்பனின் தோளைத் தட்டினார். அவருக்குக் கண் கலங்கியது. துப்புத் துலங்கியதா என்றால், இல்லை.

*

அன்று சாயங்காலம் ஸ்டாடர்ட் வீட்டு வரவேற்பறையில் ஓரின் எல்லோரையும் கூட்டினார். டிவீர், நெட்ரா, மிரென், டேப்போடு வெல்டா. துப்பறிவாளர் நடுவில் நடைபோட வேண்டும் என்பது மரபு. இரண்டு முறை நடந்தார். மூன்றாவது முறை கம்பளத்தில் தடுக்கியது. அதோடு மரபைக் கைவிட்டார்.

"இந்த கேம்பர் வெளிய நிக்கக் கூடாதுன்னு இத்தன வருஷமா நோட்டீஸ் ஒட்டினது யார்? அது உள்ள போனா யாருக்கு நிம்மதி? ஆலங்கட்டி மழை அன்னிக்கு, ஊரே வீட்டுக்குள்ள ஒடுங்கிக் கிடந்தப்ப, கூரைக்கு வெண்ணெய் தடவி, வழுக்க வழுக்க உள்ள தள்ளினது யார்?" விரலை நீட்டினார். "சிஸ்டர் வெல்டா ராஸ்பண்ட்!"

மிரென் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"வெண்ணெயா?" என்றார் வெல்டா.

"நல்லா... நிறைய வெண்ணெய்."

"ஆலங்கட்டி மழை அன்னிக்கு நான் பொக்கடெல்லோ ஊர்ல பல் டாக்டர் நாற்காலியில மல்லாந்து கிடந்தேன். பாதி மூஞ்சி மரத்துப்போய் சாயங்காலம் பாட்டுக் குழுவுல எச்சில் ஒழுக ஒழுகப் பாடினேன். உங்க பக்கத்துலதான் நின்னேன், பிரதர். கைக்குட்டை கொடுத்ததே நீங்கதான்."

ஓரினுக்கு அந்தக் கைக்குட்டை நினைவு வந்தது. திருப்பித் தரப்படவில்லை என்பதும் நினைவு வந்தது. அதைத் திருப்பிக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

"வழக்கு முடிஞ்சுது," என்று மிரென் எழுந்தாள். "துப்பறியும் சிங்கத்துக்குத் தண்ணி கொடுங்க."

ஓரின் சோபாவில் சரிந்தார். ஒரு பெரிய மனிதர் அவமானத்தில் சரிகிறபோது கால்கள் தரையில் பொத்தென்று விழ வேண்டும். விழவில்லை. அந்தரத்தில் ஆடின. அவர் தன் பூட்ஸ் முனைகளைப் பார்த்தார். பூட்ஸுக்கும் கம்பளத்துக்கும் நடுவில் ஒரு பூனை நிமிர்ந்தே நடந்துபோகிற இடைவெளி.

நானும் சுருங்குகிறேன், என்று நினைத்தார். கடைசியில் இது தொற்று வியாதி.

பிறகு இன்னொரு எண்ணம், மெதுவாக, வயசான தபால்காரனின் நடையில் வந்து சேர்ந்தது. டிவீருக்கு ஆபரேஷன் நடந்தது. எனக்கு என்ன ஆபரேஷன் நடந்தது?

"டிவீர்," என்றார். "இந்தச் சோபாவுல உனக்குக் கால் எட்டுதா?"

"எட்டல. உனக்கு?"

"எனக்கும் எட்டல." ஓரின் எழுந்தார், இல்லை, சோபாவிலிருந்து குதித்தார். "மிரென்! குறுகிப்போனது நாங்க இல்ல! ட்ரக் உயர்ந்த அதே சமயத்துல இந்த வீட்டு மர சாமான் எல்லாம் உயர்ந்திருக்கு! ட்ரக் முதுகுலருந்து இறங்கின பாரம் எங்கயோ போய் உக்காந்திருக்கணுமில்ல? சோபாவுக்குத் தரையத் தொடற மாதிரி புதுப் பாவாட எதுக்குத் தச்சிருக்கு? தூக்கிப் பாரு. நானே குனிவேன், ஆனா போன தடவ குனிஞ்சது உனக்குத் தெரியும்."

மிரென் சோபாவின் துணித் தொங்கலைத் தூக்கினாள். உள்ளே, படையணி போல வரிசையாக, மூடி போட்ட வெள்ளை வாளிகள். ஒன்றைத் திறந்தாள். கோதுமை.

"அந்த முளை புல் இல்ல, ஓரின்," என்றாள். "கோதுமை."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

எல்லோரும் நெட்ராவைப் பார்த்தார்கள். பஞ்சம் வந்தால் ஒரு வருஷம் தாங்குகிற தானியம் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சபையில் வாழையடி வாழையாக வரும் வழக்கம். ஸ்டாடர்ட் வீட்டிலோ ஏற்கெனவே நிலவறை நிறையக் கோதுமை. இன்னும் ஒரு வாளி உள்ளே வந்தால் நான் கேம்பரில் குடியேறிவிடுவேன் என்று டிவீர் சபையறியச் சபதம் செய்திருந்தார்.

"ரெக்ஸ்பர்க் ஊர்ல இருந்த சித்தி பொண்ணு அரிஸோனாவுக்கு வீடு மாத்தினா," என்றாள் நெட்ரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாப்பது வாளி. சும்மா கொடுக்கறேன்னா! சும்மா கொடுக்கற கோதுமைய யாராவது வேண்டாம்பாங்களா? நீங்க ஊர்ல இல்ல. கேம்பர்ல ஏத்தினேன். அவ பசங்க ரெண்டு பேரும் கூட வந்தாங்க, கால்பந்து ஆடற பசங்க, ஒவ்வொருத்தனும் ஒரு பீரோ. வீட்டு வாசலுக்கு வர்றப்ப ஆலங்கட்டி கொட்டிச்சு. உங்க கேம்பர்ல பள்ளம் விழுந்தா நீங்க உசுர விட்டுருவீங்களேன்னு, யோசிக்காம கதவுப் பட்டன அழுத்தி உள்ள விட்டுட்டேன். அது பாட்டுக்குப் போச்சு. இடிக்கவே இல்ல! எல்லாத்தையும் இறக்கி, பசங்களும் போன பிறகு வெளிய எடுத்தா... டங்குன்னு..."

"பாரம் ஏறினா ஸ்பிரிங் அமுங்கும்," என்றாள் மிரென். "இறங்கினா எழும்பும். கோதுமையும் பீரோக்களும் வண்டிய அமுக்கி உள்ள கொண்டுவந்திருக்கு."

டிவீர் தடியை ஊன்றி எழுந்தார். முகம் சிவந்தது. நெட்ரா கண்ணை மூடிக்கொண்டாள். வெல்டாகூட ஒரு அடி பின்வாங்கினார்.

"நெட்ரா, கட்டிலுக்கு அடியிலயும் வாளியா?"

"ம்."

"அப்ப என் காலு..."

"உங்க காலு நல்லாத்தான் இருக்கு. நான்தான் பொய் சொன்னேன்."

டிவீர் தடியை எறிந்தார். மனைவியை அப்படியே வாரிக் கட்டிக்கொண்டார். "டாக்டர் சரியாத்தான் வெட்டியிருக்கான்! நான் சுருங்கல! அடியே, ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம, என்னைக் குழந்தைங்க படுக்கற சவப்பெட்டியில வெப்பாங்களோன்னு நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன்டி!"

நெட்ரா அழுதாள், சிரித்தாள், இன்னொரு தட்டு பிஸ்கட் கொண்டுவரப் போனாள்.

வெல்டா டேப்பைச் சுருட்டினார். "வாளிங்க நிஜம். ஒத்துக்கறேன். ஆனா இந்த வாளிங்க இவ்வளவு பெரிய வண்டிய அமுக்கிக் குள்ளமாக்கிச்சுங்கறது கதை. சுவர இடிச்சத மறைக்க நல்ல கதை."

*

மறுநாள் ரிக்பியில் ஒரு செய்தி தீ போலப் பரவியது: ஸ்டாடர்ட் வீட்டில் பாரம் தூக்க ஆள் வேண்டும். இந்தச் சபை ஆண்களிடம் ஒரு பலவீனம் உண்டு. யாராவது வீடு மாறுகிறார்கள், பியானோ தூக்க வேண்டும் என்றால் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். கையில் டோனட் இருக்கும், ஒவ்வொருவரிடமும் எப்படித் தூக்குவது என்று ஒரு அபிப்பிராயமும் இருக்கும். ஓரினின் கணக்குப்படி அன்று வந்த கூட்டத்தைக் கொண்டு ஒரு மலையையே அடுத்த மாவட்டத்துக்கு மாற்றியிருக்கலாம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து வாளி. சோபாவுக்கு அடியிலிருந்து வாளி. கராஜ் பெஞ்சின் விரிப்பை நீக்கினால், அதுவும் வாளி.

"நேத்து ஒரு மணி நேரம் இது மேலதான உக்காந்து யோசிச்ச?" என்றாள் மிரென்.

"தடயத்தோட நெருக்கமா இருக்கறது என் பாணி."

கோதுமை உள்ளே ஏற ஏற ட்ரக் முனகிக்கொண்டு இறங்கியது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள், இன்னும் இறங்கியது. காற்றுக் குறைந்த டயர் இந்தப் பாரத்தில் கிழிந்துவிடும் என்று முன்பே முழுசாக அடைத்திருந்தார்கள். வெல்டா கராஜுக்குள் நின்று, கூரைக்கும் மேல்சட்டத்துக்கும் டேப்பைப் பிடித்தார்.

"இடிக்கும்," என்றார் திருப்தியோடு. "இன்னும் விரல் கனம் இடிக்கும்."

"ரெண்டு வாளி நாங்க தின்னுட்டோம்," என்றாள் நெட்ரா. "அப்புறம் அந்தப் பசங்க இல்ல."

ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய பார்வையும் ஓரினின் மேல் வந்து தங்கியது. முகத்தில் அல்ல, கொஞ்சம் கீழே.

"ஒரு பீரோ இருக்கு," என்றாள் மிரென்.

ஓரின் தொப்பியைக் கழற்றினார். ஒரு துப்பறிவாளன் வழக்குக்காகத் தன்னையே கொடுக்க வேண்டிய வேளை வருகிறது. இத்தனை வருஷம் சாப்பிட்ட பெர்ரி கேக்குகள் ஒன்றுகூட வீணாகவில்லை. அவர் கேம்பரின் பின்படியில் கால் வைத்ததும் ட்ரக் "ஐயோ" என்றது. மடங்கிய கூரைக்குக் கீழே குனிந்து, வாளிகளுக்கு நடுவே தன்னைச் சொருகிக்கொண்டார். மிரென் பின்னாலேயே ஏறி, அவர் முழங்கை மேல் உட்கார்ந்தாள்.

"இப்ப?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

வெல்டா அளந்தார். மறுபடி அளந்தார். "ஒரு காகிதம் கனம். ஒரே ஒரு காகிதம். ஆனா இடிக்கும்."

டிவீர் ஏறக் கால் எடுத்தார். "புது இடுப்போட உள்ள குனிஞ்சீங்கன்னா, டாக்டர் என்னை வெட்டுவான்," என்று நெட்ரா தடுத்தாள். ஆண்கள் ஏற முண்டினார்கள். பின்வாசலில் மிச்சமிருந்த இடத்தில் உருளைக்கிழங்கு லாரிக்காரரின் தோள் மாட்டிக்கொண்டது. இன்னொருவரின் வயிறு மாட்டிக்கொண்டது. அந்த இடத்தில் நுழைகிற அகலம் வெல்டா ராஸ்பண்டுக்கு மட்டும்தான் இருந்தது.

வானம் வடக்கே சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. டிவீர் அதைப் பார்த்தார். பிறகு வெல்டாவைப் பார்த்தார். கெஞ்சவில்லை. அவருடைய மொட்டைத் தலை மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது.

"சிஸ்டர்," என்று உள்ளேயிருந்து ஓரினின் குரல் வந்தது, ஏதோ வாளிக்குள்ளிருந்து வருவது போல. "கதைன்னு சொன்னீங்களே. கதைக்குள்ளயே வந்து உக்காந்து பாருங்க."

"நான் ஏறினா, அது நான் நம்பறதா அர்த்தம் ஆகாது."

"ஆகவே ஆகாது. நம்பாமலே ஏறுங்க. எடை ஒண்ணுதான்."

வெல்டா கைப்பையை டிவீரிடம் நீட்டினார். அந்தப் பையும் சேர்ந்து ஏறட்டும் என்று டிவீர் அவரிடமே திருப்பிக் கொடுத்தார். தலைவி பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஏறி, இருவரையும் தாண்டிப் போய் ஒரு வாளிமேல் உட்கார்ந்து, கழுத்தை ஒட்டகச்சிவிங்கி படுத்த மாதிரி மடக்கிக்கொண்டார். பின்கதவு சாத்தப்பட்டது.

ஓட்டியது நெட்ரா. உள்ளே கொண்டுவந்தவள்தானே. ட்ரக் பின்னோக்கி நகர்ந்தது. வெளியே நின்ற ஆண்கள் கூட்டம் முழுக்க மூச்சை உள்ளிழுத்துக்கொண்டது. மூச்சை அடக்கினால் வண்டி மெலியும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். இருட்டில் ஓரினுக்கு யாருடைய முழங்கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. டங் இல்லை. கீறலும் இல்லை. கதவு ஓரத்து ரப்பர் பட்டை கூரையின் மேல் தடவிக்கொண்டு போகிற சத்தம், சீப்பு தலையில் போகிற மாதிரி. பின்னாலிருந்து முன்னால்வரை போயிற்று. பிறகு நின்றது.

ஜன்னல் துணியின் வழியாக வெளிச்சம் விழுந்தது. சூரிய வெளிச்சம்.

வெளியே ஒரு ஆரவாரம். அதில் டிவீரின் குரல்தான் பெரிது. மூஸ் அந்தக் குரலைக் கேட்டிருந்தால் அப்போதே கனடாவுக்குக் கிளம்பியிருக்கும்.

பின்கதவு திறந்தது. முதலில் மிரென் இறங்கினாள். ஓரினை வெளியே எடுக்க வாளிகளை முன்னால் எடுக்க வேண்டியிருந்தது. அவர் கால் தரையில் பட்டதும் ட்ரக் பெருமூச்சு விட்டு எழும்பியது. கடைசியாக வெல்டா. தலைமுடி ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. பாவாடையில் கோதுமைத் தூசி. டேப்பை எடுத்து கராஜ் வாசலை அளந்தார். ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறி, ட்ரக்கின் உயரத்தை அளந்தார். வண்டி வாசலைவிட உயரமாகத்தான் இருந்தது. மேல்சட்டத்தின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினார். பெயிண்ட்கூட உதிரவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். பழைய சுவர்.

ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஓரினும்தான், தன் வாயை அவர் மூடி வைத்திருந்த அபூர்வமான கணம் அது.

"சொல்லுங்க சிஸ்டர்," என்றாள் மிரென். "கதைதானே?"

வெல்டா டேப்பைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டு, பையை மூடினார்.

"நடந்தது," என்றார். "நான் உள்ளதான் உக்காந்திருந்தேன். நடந்தது."